பதினாலாம் நம்பர் தொகுதியைத் தேடி: ஜார்ஜியாவில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி: பிளெயின்ஸ்

குடியுரிமை வாங்கியபின் வந்த முதல் வாக்காளர் அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தேன். நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, சாண்டி ஸ்பிரிங்ஸில். அட்டையில் வரிசையாகத் தொகுதி எண்கள். மாநில செனட் என்ற இடத்தில் 14.

ஜார்ஜியா செனட் 14. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் முதன்முதலில் ஜெயித்த மாநிலத் தேர்தல் இந்தத் தொகுதிக்குத்தான், 1962-இல். ஆனால் அவர் ஊர் பிளெயின்ஸ், எங்கள் வீட்டிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். அவர் தொகுதி என் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தது? அதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

துணைக்கு மாமா. அம்மாவின் தம்பி. அருப்புக்கோட்டைப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறார். அரக்கு வைத்து சீல் போட்ட இரும்புப் பெட்டிக் காலத்திலிருந்து மின்னணு இயந்திரக் காலம் வரைக்கும் பார்த்த மனிதர். "ஓட்டுப் பெட்டி கதைன்னா நான் வர்றேம்மா" என்று முதல் ஆளாக வண்டியில் ஏறிவிட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மாநில செனட் என்பது மேலவைதான். ஆனால் சென்னையில் 1986 வரை இருந்த மேலவை மாதிரி இல்லை. இங்கே செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜியாவில் இன்று 56 செனட்டர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல்.

1962-க்கு முன்னால் இந்த முறையே வேறு. பொதுவாக மூன்று கவுண்டி சேர்ந்தால் ஒரு செனட் தொகுதி. (கவுண்டி என்பதை நம் தாலுகா அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள், ஜார்ஜியாவில் 159 இருக்கின்றன.) இந்தத் தடவை உன் கவுண்டிக்காரர், அடுத்த தடவை என் கவுண்டிக்காரர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். யார் என்பதை அந்தந்த கவுண்டியின் பெரிய கை முடிவு செய்யும்.

ஆளுநர் போன்ற பதவிகளுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த முறை இன்னும் மோசம். ஓட்டை எண்ணுவதற்குப் பதில் கவுண்டிகளுக்கு 'யூனிட்' கொடுத்தார்கள். ஒரு கவுண்டியில் முந்துபவருக்கு அதன் யூனிட் முழுவதும். மக்கள்தொகை அதிகமுள்ள 8 கவுண்டிகளுக்கு ஆளுக்கு 6, அடுத்த 30-க்கு 4, மிச்சம் 121-க்கு 2. அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 1960-இல் 5,56,326 பேர். அதற்கு 6 யூனிட். எக்கல்ஸ் கவுண்டியில் 1,876 பேர், அதற்கு 2. அதாவது எக்கல்ஸில் ஒருவரின் செல்வாக்கு ஃபுல்டனில் 99 பேரின் செல்வாக்குக்குச் சமம். இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஜெயிக்க நினைப்பவர் அட்லாண்டா பக்கம் வரவே வேண்டாம். சின்ன கவுண்டிகளின் பெரிய மனிதர்களைக் கையில் போட்டுக்கொண்டால் போதும்.

மாமா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "அப்ப அந்த 99 பேரும் ஓட்டுச்சாவடிக்கு நடந்து போயி, வரிசையில நின்னு, வெயில்ல காஞ்சதெல்லாம் என்ன கணக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1962 மார்ச்சில், டென்னசி மாநில வழக்கு ஒன்றில், தொகுதிப் பங்கீட்டை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வாசலைத் திறந்துவிட்டது. அடுத்த மாதமே ஜார்ஜியாவின் யூனிட் முறையைக் கூட்டரசு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. உச்ச நீதிமன்றம் 1963 மார்ச் 18 அன்று, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று தீர்ப்புச் சொன்னது. இதற்கிடையே இன்னொரு வழக்கில், இரண்டு அவைகளில் ஒன்றாவது மக்கள்தொகைப்படி அமைய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆளுநர் வேண்டிவர் சிறப்புக் கூட்டம் போட்டு, செனட்டை 54 புதுத் தொகுதிகளாகப் பிரித்தார். அவசர அவசரமாக அக்டோபர் 16-இல் கட்சி முன்தேர்தல் (கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது) என்று அறிவிப்பு.

கோர்டீலில் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் மண் சிவந்துவிட்டது. கடலை அறுவடைக் காலம். இயந்திரம் கொடியைப் பிடுங்கித் தலைகீழாகப் புரட்டி, காய் மேலே தெரியும்படி வரிசை வரிசையாகக் காயப் போட்டிருக்கிறது. மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் இறங்கி நின்று மூச்சை இழுத்தார். "ஈர மண்ணும் பச்சைக் கடலையும். நம்ம காட்டு வாசனைதான்." ஒரு கடையில் அவித்த கடலை சூடாக வாங்கினோம். இவர்கள் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவிடுகிறார்கள். பருப்பு மாவாகக் கரைகிறது. மாமாவுக்கு உப்பு அதிகம், எனக்குச் சரி.

பிளெயின்ஸில் மக்கள் 600 பேர்கூட இல்லை. ஒரு ரயில் நிலையம், ஒரு வரிசைக் கடைகள், கார்ட்டர் படித்த பள்ளிக்கூடம். இதே ஊரில் அவர் கடலைக் கிடங்கு வைத்து நடத்தினார், கவுண்டிக் கல்விக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1962 அக்டோபர் 1 அவருடைய 38-வது பிறந்தநாள். அன்று காலையில் வேலை உடுப்பை விட்டு நல்ல கால்சட்டையை எடுத்து மாட்ட, "யார் வீட்டுச் சாவுக்கு?" என்று கேட்டாராம் மனைவி ரோசலின். செனட்டுக்கு நிற்கப் போகிறேன், பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கப் பக்கத்து ஊரான அமெரிக்கஸுக்குப் போகிறேன் என்றாராம் இவர். தேர்தலுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

இருவரும் இப்போது அவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள், சனி: ஜார்ஜ்டவுன்

புதிய 14-ஆம் தொகுதியில் ஏழு கவுண்டிகள்: சம்டர், வெப்ஸ்டர், ஸ்டூவர்ட், குவிட்மன், ராண்டால்ஃப், டெரல், சட்டஹூச்சி. எல்லாம் சேர்ந்து சுமார் 75,000 பேர். கார்ட்டரை எதிர்த்தவர் ஹோமர் மூர், ரிச்லண்டைச் சேர்ந்தவர். அவரும் கிடங்கு வைத்திருந்தவர்தான்.

மாநிலச் சாலை 27-ஐப் பிடித்தால் பிளெயின்ஸ், பிரெஸ்டன், ரிச்லண்ட், லம்ப்கின், ஜார்ஜ்டவுன் என்று தொகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு எதிரில் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் மரம் ஏற்றிய லாரி. ரிச்லண்டில் நிற்கவில்லை. லம்ப்கின் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுன் சட்டஹூச்சி ஆற்றங்கரையில், அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரியின் ஓரமாக இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் அலபாமா. கரையில் நின்றபோது கைபேசியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதும் திரும்புவதுமாக இருந்தது. குவிட்மன் கவுண்டி முழுவதற்கும் இன்று 2,200 பேர் சொச்சம். 1939-இல் கட்டிய சின்ன நீதிமன்றக் கட்டடம். சனிக்கிழமை, பூட்டியிருந்தது. சுற்றி வந்தோம்.

மாமா ஜன்னல்களைப் பார்த்தார். "மேசையை எங்கம்மா போட்டிருந்தாங்க?"

அந்த மேசையைச் சுற்றித்தான் கதையே. இந்த கவுண்டியின் பெரிய கை ஜோ ஹர்ஸ்ட். அவரே மாநிலக் கீழவை உறுப்பினர். 1962 அக்டோபர் 16 அன்று கார்ட்டரின் நண்பர் ஜான் போப் அவர் சார்பில் பார்வையாளராக இங்கே வந்தார். அவர் பார்த்தது இது: மறைவுத் தட்டி எதுவும் இல்லை. எல்லாரும் ஹர்ஸ்டின் கண்ணெதிரே மேசையில் வைத்துத்தான் சீட்டில் குறிக்க வேண்டும். மூருக்குப் போடு என்று அவர் வாய்விட்டே சொல்கிறார். சீட்டு விழுவது ஓர் அட்டைப் பெட்டியில், அதன் மூடியில் கை நுழையும் அளவுக்குத் துளை. ஒரு வயதான தம்பதி அவர் பேச்சைக் கேட்காமல் தங்களுக்குத் தோன்றியபடி குறித்துப் போட்டார்கள். ஹர்ஸ்ட் பெட்டிக்குள் கையை விட்டு அந்தச் சீட்டுகளை எடுத்துக் கிழித்துவிட்டு, வேறு சீட்டுகளில் தானே குறித்து உள்ளே போட்டார். போப் ஆட்சேபித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த இடத்தை நான் சொல்லி முடித்ததும் மாமா நீதிமன்றப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கிழவனும் கிழவியும் வீட்டுக்குப் போயி என்ன பேசியிருப்பாங்க?" என்றார். அவர் கையிலிருந்த கடலைப் பொட்டலம் அப்படியே மடியில் இருந்தது.

ராத்திரி எண்ணிக்கை முடிந்தபோது, அதுவரை முன்னால் இருந்த கார்ட்டர் 139 ஓட்டில் தோற்றிருந்தார். ஜார்ஜ்டவுன் பெட்டியில் 420 சீட்டு. ஓட்டுப் போட வந்தவர்களோ 333 பேர். பட்டியலைப் பார்த்தால் 117 பேர் அகரவரிசை தப்பாமல் ஒருவர் பின் ஒருவராக வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் செத்தவர்கள் உண்டு, ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு, சிறையில் இருந்தவர்களும் உண்டு.

உள்ளூரில் யாரும் காது கொடுக்கவில்லை. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜான் பென்னிங்டன் இங்கே வந்து வீடு வீடாகப் போய், நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. அமெரிக்கஸின் வழக்கறிஞர் வாரன் ஃபோர்ட்சன், அட்லாண்டாவின் சார்லஸ் கிர்போ இருவரும் வழக்கைக் கையில் எடுத்தார்கள். நீதிபதி கார்ல் குரோ முன்னிலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அடிக்கட்டைகளைக் காணோம். மேலாக, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய ஒரு கட்டுச் சீட்டு கிடந்தது.

இங்கே மாமா என்னை நிறுத்தினார். "சுருட்டியா?" ஆமாம் என்றேன். அவர் பர்ஸிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து நான்காக மடித்தார். "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா மடிப்பாங்க. ஒருத்தர் அகலத்துல, ஒருத்தர் நீளத்துல. சிலர் பொட்டலம் மாதிரி கசக்கிப் போடுவாங்க. பெட்டியக் கவுத்தா எல்லாம் தனித்தனியாத்தான் விழும். அந்தத் துளை வழியா நூறு பேர் சேந்து ஒரே சுருளா போட முடியுமா?" பிறகு அடிக்கட்டை. வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது புத்தகத்தில் தங்கும் துண்டு. அடிக்கட்டையும் சீட்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் ராத்திரி கணக்கு முடிக்கும் அலுவலரின் முதல் கவலை. ஒரு தேர்தலில் ஓர் அடிக்கட்டை இடறியதற்காக விடியற்காலை மூன்று மணி வரை எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

நீதிபதி குரோ ஜார்ஜ்டவுன் பெட்டியை முழுசாகத் தள்ளுபடி செய்தார். கார்ட்டர் முன்னால் வந்தார். அத்தோடு முடியவில்லை. பொதுத் தேர்தல் நவம்பர் 6. முந்தைய இரவு வரை வேட்பாளர் யார் என்பதில் இழுபறி. கடைசியில் இன்னொரு நீதிபதி, இரண்டு பெயரையும் அடித்துவிட்டு வாக்காளர்களே பெயரை எழுதட்டும் என்று உத்தரவிட்டார். மக்கள் கையால் எழுதினார்கள். கார்ட்டர் 3,013, மூர் 2,182. ஹர்ஸ்ட் பின்னாளில் வாக்கு மோசடிக்காகக் கூட்டரசு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்.

திரும்பும்போது லம்ப்கினில் நின்றோம். ஊருக்கு மேற்கே பிராவிடன்ஸ் பள்ளத்தாக்கு: வெள்ளை, ஆரஞ்சு, ஊதா என்று அடுக்கடுக்காக, 150 அடி ஆழம் வரை. இயற்கை செய்ததில்லை, 1800-களில் காட்டை அழித்துப் பருத்தி போட்டு, மண்ணைக் காபந்து பண்ணாமல் விட்டதால் மழை அறுத்த ஓடைகள். அழகுதான், ஆனால் விவசாயக் குடும்பத்து ஆளாக என்னால் அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

அதே ஊரின் ஓரத்தில் குடியேற்றக் கைதிகளை அடைத்து வைக்கும் பெரிய தடுப்பு முகாம் ஒன்று இருக்கிறது. சுமார் 2,000 பேர் இருக்கக்கூடிய இடம். ஸ்டூவர்ட் கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே 2020 கணக்குப்படி 5,314. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் எண்ணுகிறது. தொகுதிக் கோடு போடும்போது அந்தத் தலைகளும் சேரும். ஓட்டு மட்டும் அவர்களுக்குக் கிடையாது. நானும் பல வருடம் விசா வரிசையில் நின்றவள். அந்த வேலியைத் தாண்டி வண்டி ஓட்டியபோது மாமாவும் நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு: சாசர், டாசன், அமெரிக்கஸ்

நேற்று படுத்த பிறகு ஒரு கணக்கு தூங்கவிடவில்லை. 3,013-உம் 2,182-உம் கூட்டினால் 5,195. தொகுதியிலோ 75,000 பேர். குழந்தைகளைக் கழித்தாலும், அவசரத் தேர்தல் என்று சொன்னாலும், மிச்சப் பேர் எங்கே?

பதில் தெரிந்ததுதான். இந்த ஏழு கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அவர்கள் பட்டியலிலேயே ஏற முடியாது. டெரல் கவுண்டியில் கறுப்பின ஆசிரியர்களையே எழுத்தறிவுச் சோதனையில் பெயிலாக்கினார்கள். 1957 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு தொடுத்த முதல் வாக்குரிமை வழக்கே இந்த கவுண்டியின் பதிவாளர்கள் மீதுதான். 'பயங்கர டெரல்' என்று சிவில் உரிமை இயக்கத்தவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1962 செப்டம்பரில், வாக்காளர் பதிவுக் கூட்டம் நடந்த மவுண்ட் ஆலிவ் தேவாலயத்தைச் சாசர் அருகே தீ வைத்துக் கொளுத்தினார்கள். கார்ட்டர் நல்ல கால்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய நாளுக்கு ஒரு மாதம்கூட முந்தியில்லை. ஒரே தொகுதி, ஒரே இலையுதிர்காலம்.

திருடிய 420 சீட்டுக்கு நீதிபதி வந்தார், நிருபர் வந்தார், அட்லாண்டா வழக்கறிஞர் வந்தார். அச்சிடவே படாத பல்லாயிரம் சீட்டுக்கு யார் வந்தார்கள்? பயணம் கிளம்பும்போது நான் கார்ட்டர் கதையைத் தேடித்தான் வந்தேன். இன்று இந்தச் சின்ன ஊர்களில் ஞாயிறு ஆராதனை முடிந்து, பெரிய தொப்பி போட்ட பாட்டிகள் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தபோது, நான் பாதிக் கதையைத்தான் சுமந்து வந்திருக்கிறேன் என்று பட்டது.

அமெரிக்கஸில் மதியச் சாப்பாடு. பொரித்த கோழி, வெண்டைக்காய், சோள ரொட்டி. வெண்டைக்காயை மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

இந்த ஊரில் 1963-இல் போராடிய பள்ளிச் சிறுமிகளைப் பிடித்து, பக்கத்து கவுண்டியில் லீஸ்பர்க் என்ற ஊரின் பழைய கொட்டடி ஒன்றில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். சிலருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. 1965 ஜூலையில் மேரி கேட் பெல் உட்பட நான்கு கறுப்பினப் பெண்கள், 'வெள்ளைப் பெண்கள்' என்று பிரித்திருந்த ஓட்டு வரிசையில் நின்றதற்காகக் கைதானார்கள். அந்தத் தேர்தலில் மேரி கேட் பெல் ஒரு வேட்பாளர். கார்ட்டருக்காக வாதாடிய வாரன் ஃபோர்ட்சன் நினைவிருக்கிறதா? இரு இனத்தாரும் உட்கார்ந்து பேச ஒரு குழு அமைப்போம் என்று அவர் சொன்னார். அவ்வளவுதான், ஊரில் இருக்கவிடவில்லை. குடும்பத்தோடு அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை.

செனட்டர் கார்ட்டர்? கறுப்பினத்தவரைப் பதிவிலிருந்து தடுக்கப் பயன்பட்ட 'முப்பது கேள்வி'களை எதிர்த்துத்தான் அவர் செனட்டில் தன் முதல் உரையை ஆற்றினார். 1965-இல் பிளெயின்ஸ் தேவாலயத்தில் கறுப்பினத்தவரை அனுமதிப்பதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, அனுமதிக்கலாம் என்று ஓட்டுப் போட்டது அவர் குடும்பமும் இன்னொருவரும்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் அமெரிக்கஸ் கொதித்தபோது அவர் ஒதுங்கியே இருந்தார். இரண்டும் அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இது உறுத்துகிறது.

1966-இல் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடக் கிளம்ப, 14-ஆம் தொகுதி பெரியப்பா மகன் ஹியூ கார்ட்டருக்குப் போனது. மண்புழு வளர்த்து விற்றே பெயர் வாங்கியவர். 1967 முதல் 1981 வரை செனட்டர். பிற்பாடு அமெரிக்கஸின் ஜார்ஜ் ஹூக்ஸ், 1991 முதல் 2013 தொடக்கம் வரை. அவரோடு இந்தப் பக்கத்துக்கு 14 என்ற எண் முடிந்தது. தெற்கில் ஜனம் குறைந்தது, வடக்கில் பெருகியது. புதுக் கோடு போட்டபோது எண்ணைப் பிடுங்கி வடக்கே நட்டார்கள்.

இந்த கவுண்டிகளில் பெரும்பாலானவை இப்போது 12-ஆம் தொகுதியில். 2009-இல் செனட்டுக்குப் போய் இந்தத் தொகுதிக்குப் பிரதிநிதியாக இருந்து வரும் ஃப்ரெடி பவல் சிம்ஸ் பள்ளி முதல்வராக இருந்த கறுப்பினப் பெண்மணி. ஊர்: டாசன், டெரல் கவுண்டி. மாமாவிடம் சொன்னதும், "டீச்சரா?" என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான்காம் நாள், திங்கள்: அட்லாண்டா, சாண்டி ஸ்பிரிங்ஸ்

காலையில் தலைமைச் செயலகக் கட்டடம். டாலனேகா தங்கத் தகடு போர்த்திய கூரை. 1963 ஜனவரியில் கார்ட்டர் பதவியேற்ற அதே செனட்டில் லீராய் ஜான்சனும் பதவியேற்றார். அட்லாண்டாவின் 38-ஆம் தொகுதி. 1907-க்குப் பிறகு ஜார்ஜியா சட்டமன்றத்துக்குள் வந்த முதல் கறுப்பினத்தவர். யூனிட் முறையும் பழைய தொகுதிக் கோடும் உடைந்ததால்தான் இரண்டு பேருக்குமே கதவு திறந்தது. கார்ட்டருக்கு ஊரெல்லாம் நினைவிடம். ஜான்சன் பெயரை என் அலுவலகத்தில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

எண் 14 வடக்கே வந்து பத்து வருடம் போல பார்ட்டோ கவுண்டிப் பக்கம் தங்கியது. அங்கே பெரிய ஊர் கார்ட்டர்ஸ்வில். பெயருக்கும் ஜிம்மிக்கும் சம்பந்தமில்லை, அது ஃபாரிஷ் கார்ட்டர் என்ற பழைய நிலச்சுவான்தார். அங்கே பேரி லவுடர்மில்க், பிறகு புரூஸ் தாம்ப்சன், இருவரும் குடியரசுக் கட்சி. 2021-இல் மறுபடி கோடு மாறி, 2023 முதல் சாண்டி ஸ்பிரிங்ஸ் பக்கம். ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் மக்லாரின் வந்தார். அப்படித்தான் அந்த எண் என் ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா, "நீ ஓட்டுப் போடப் போற இடத்தக் காட்டும்மா" என்றார். ஒரு பொதுக் கட்டடத்தின் கூடம். திறந்துதான் இருந்தது, உள்ளே யாருமில்லை. நாலு மூலைக்கும் நடந்தார். இயந்திரத்தில் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் காகிதம் அச்சாகி வரும், அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் விடவேண்டும், காகிதம் பெட்டியில் தங்கும் என்று விளக்கினேன். "காகிதம் தங்குதுல்ல? அது போதும்" என்றார். படிக்காமல் விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகு கிழக்கு ஜன்னலுக்குப் போய் நின்று, கூடத்தின் நடுவே என்னை நிற்கச் சொன்னார். கையில் ஒரு தாளைப் பிடிக்கச் சொன்னார். நவம்பர் தேர்தலுக்குத் தன்னார்வலராக உதவ நான் பெயர் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியும்.

"இங்கேருந்து உன் கை தெரியுதும்மா. மேசையை அந்தச் செவுத்துப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லு. இந்த ஜன்னலுக்கு ஒரு திரை வேணும்."

கைபேசியில் குறித்துக்கொண்டேன்.